ஆறு மாடி ஏறும் பெயர்

இந்தப் பூமியில் இன்று உயிரோடு இருப்பவர்களில், ஒரு குழந்தையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அது நல்ல பெயரா இல்லையா என்று பிழையின்றிச் சொல்லக்கூடிய ஒரே மனிதன் நான்தான். இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறடி உயரமுள்ளவன் தன் உயரத்தைச் சொல்வதுபோல ஒரு தகவலாகத்தான் சொல்கிறேன்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பாடம் புள்ளியியல். ஆனால் கல்லூரி என்னை அறிந்திருப்பது வேறு காரணத்துக்காக. கேன்டீனில் தண்ணீர் பிடிக்கும் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் ஒரு தாள் ஒட்டுவேன். தலைப்பு, 'பெயர் மன்றத் தீர்ப்புகள்.' அந்த வாரம் காதில் விழுந்த புதுக் குழந்தைப் பெயர்களை விசாரித்து, நட்சத்திரம் கொடுத்து, தீர்ப்பு எழுதுவேன். ஐந்து நட்சத்திரம் வாங்கிய பெயர் இதுவரை இல்லை. நான் கண்டிப்பானவன்.

மாதிரிக்குச் சில தீர்ப்புகள்:

மிஹிகாஷ்ரிதா. ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் இல்லை. ஒரு நட்சத்திரம்.

த்வி. கேட்கத் தயாராவதற்குள் முடிந்துவிட்டது. பெற்றோர் அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒன்றரை.

அனந்தவெளி. அழகுதான். ஆனால் குழந்தை உள்ளே தொலைந்துபோனால் யார் தேடுவது? இரண்டு.

இரட்டைக் குழந்தைகள், வினா மற்றும் விடை. இரண்டாவது குழந்தைக்கு ஆயுள் முழுக்க ஓய்வு கிடையாது. ஒன்றரை, இருவருக்கும் சேர்த்து.

தாகமே எடுக்காதவர்கள்கூடத் திங்கட்கிழமைகளில் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். நண்பர்கள் என்னை 'நீதிபதி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் தடுக்கவில்லை. உண்மையை மறுக்கும் பழக்கம் எனக்கில்லை.

என் கோட்பாடு எளிமையானது. பெயர் வைப்பது ஐந்து நிமிட வேலை. அதற்கு மேல் ஆகிறதென்றால் அந்த வீட்டில் வேறு வேலை இல்லை என்று பொருள். இதை நான் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தபோது என் அக்காவுக்கு ஏழாம் மாதம்.

"அஞ்சு நிமிஷமா?" என்றாள் அக்கா. "உனக்குப் பேர் வைக்க அம்மாவுக்கு எட்டு மாசம் ஆச்சு. வச்சதுக்கப்புறம் பாத்தா இதுதான் வந்திருக்கு."

அக்கா பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று சொல்வாள். காணாமல்போன பிள்ளைகளின் பெயரைச் சொல்வதும் அவள்தான். அதனால் யார் எந்தப் பெயரைச் சொன்னாலும், "எங்கிருந்தாலும் உடனடியாக விசாரணை அறைக்கு வரவும்" என்று பின்னால் ஒட்டிச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கருத்துச் சொல்வாள். அம்மாவின் அளவுகோல் வேறு. பிள்ளை எப்படியும் பெரிய அதிகாரியாகத்தான் வரப்போகிறது. ஆகவே பெயருக்குப் பின்னால் 'மேடம்' போட்டாலும் பொருந்த வேண்டும், 'சார்' போட்டாலும் பொருந்த வேண்டும். சித்திக்கு அந்தப் பெயரில் மின்னஞ்சல் முகவரி காலியாக இருக்கிறதா என்பதுதான் கவலை. "காலியா இருக்குடி, பிடிச்சுப் போட்ருவோமா?" என்று மனை வாங்குகிறவள் மாதிரி பதினோரு முகவரிகளைப் பிடித்துப் போட்டிருந்தாள். குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே அதற்கு விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிட்டன.

மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா என்றால் அக்காவின் கணவர். புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தும் மெக்கானிக். ஒரு நாளைக்கு மொத்தம் நாற்பது வார்த்தை பேசுவார். அதில் இருபது 'ம்'.

"ஏங்க, நீங்களும்தான் ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் அக்கா.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"பேரை."

"எங்க பாக்குறீங்க?"

"வேலையில."

எல்லாரும் சிரித்தோம். மாமாவும் சிரித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். பஞ்சைத் தூக்கிப் போட்டால்கூடச் சத்தம் வரும். மாமா தட்டைக் கழுவினால் வராது. அப்படியொரு மனிதர்.

அடுத்த வாரம் ஒருநாள் மதிய டப்பாவை அவர் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார். "கொண்டுபோய்க் குடுத்துட்டு வாடா, சும்மாதானே இருக்க" என்று அக்கா என்னை அனுப்பினாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஆறு மாடிக் கட்டடம், இன்னும் பூசி முடிக்கவில்லை. வாசலில் சிமென்ட் மூட்டைகள். உள்ளே கால் வைத்ததும் ஒரு குரல் கேட்டது. யாரோ யாரையோ தொண்டை கிழியத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"துளிரா! எத்தனை தடவ சொல்றது, துளிரா!"

எட்டிப் பார்த்தேன். மாமா. அவருக்கு இப்படியொரு குரல் இருப்பது அக்காவுக்காவது தெரியுமா என்று சந்தேகம் வந்தது. லிஃப்ட் ஏறி இறங்கப்போகும் அந்தக் கிணறு மாதிரியான இடத்தை அவர்கள் 'ஷாஃப்ட்' என்பார்கள். அதன் கீழ்வாசலில் குறுக்கே கட்டிய இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, இல்லாத ஒரு பெண்பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு குரலை மாற்றினார். பிள்ளை எதன் அடியிலோ ஓடப்போகிறது, இவர் பார்த்துவிட்டார் என்பதுபோல ஒரே வெட்டாக, "துளிரா!"

ஆறாம் மாடியிலிருந்து பதில் வந்தது. "யோவ், இது வேணாம்யா. நீ திட்டும்போது எனக்கே அழுகை வருது. அடுத்தது சொல்லு."

மேலே இருந்தவர் மாமாவின் கூட்டாளி. எல்லாரும் அவரை வெயிட்டு என்பார்கள். லிஃப்ட் மேலே போகும்போது மறுபக்கம் கீழே இறங்குகிற கனமான இரும்புக்கட்டிக்கு கவுண்டர் வெயிட் என்று பெயர். மாமா கீழே இருந்தால் இவர் மேலே இருப்பார், மாமா மேலே போனால் இவர் கீழே வருவார், உடம்பும் அப்படி. பெயர் ஒட்டிக்கொண்டது.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, காதில் செருகியிருந்த பென்சிலால் என்னவோ எழுதினார். நான் குரல் கொடுக்கவில்லை. டப்பாவைச் சிமென்ட் மூட்டை மேல் வைத்துவிட்டு, பூனை மாதிரி வெளியே வந்தேன். புதையலைப் பார்த்தவன் அங்கேயே நின்று கூச்சல் போடமாட்டான்.

அந்தத் திங்கட்கிழமைத் தாள் முழுக்க மாமாதான். ஆள் யாரென்று சொல்லவில்லை, தொழிலை மட்டும் சொன்னேன். அதில் ஒரு பகுதி:

'நம்மிடையே ஒரு லிஃப்ட் மெக்கானிக், பிறக்காத தன் குழந்தையைத் தினமும் திட்டிக்கொண்டிருக்கிறார். குழந்தை இன்னும் ஒரு தப்பும் செய்யவில்லை. பிறக்கும் தப்பைக்கூடச் செய்யவில்லை. அட்வான்ஸாகத் திட்டுகிறார். ஒவ்வொரு மதியமும் அந்தக் கிணற்றில் ஒரு பெயர் மேலே ஏறுகிறது, தகப்பனின் மானம் கீழே இறங்குகிறது. லிஃப்ட் வேலை செய்யும் முறையே இதுதான்.'

நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. பிரச்சினையே அதுதான். சுமாராக எழுதியிருந்தால் சுவரோடு போயிருக்கும். யாரோ படம் பிடித்தார்கள். போன் போனாகப் போனது. வியாழக்கிழமை காலை அது லிஃப்ட் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு நாளைக்கு நாற்பதாக இருந்த மாமாவின் வார்த்தைகள் இருபத்தைந்தாகக் குறைந்ததுதான். புள்ளியியல் மாணவன் என்ற முறையில் சரிவைக் கவனித்தேன். காரணத்தைத் தேடவில்லை.

குழந்தை பிறந்தது. பெண். சிவந்து, சுருங்கி, ஏற்கெனவே எதற்கோ கோபமாக இருந்தாள். மணிக்கட்டில் ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதில் அக்காவின் பெயர், கீழே 'பெண் குழந்தை.' ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் பெயரை எழுதிக் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழில் ஏறும். இல்லாவிட்டால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மாமாவைப் பார்த்தாள். "ம், இப்ப சொல்லுங்க. இத்தனை நாளா பாத்தீங்களே. உங்க நோட்டுல எது?"

மாமா குழந்தையின் காலைப் போர்வைக்குள் தள்ளினார். "எதுனாலும் சரி. நீயே வச்சிரு."

"மூணு மாசமா பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னீங்க?"

"அது சும்மா."

சொல்லிவிட்டு வெந்நீர் பிடித்து வர ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனார். ஃபிளாஸ்கில் வெந்நீர் நிறைய இருந்தது.

அம்மா உடனே மேடம் பொருந்தும் மூன்று பெயர்களைச் சொன்னாள். சித்தி போனில் எது காலி என்று பார்த்தாள். அறிவிப்பு அறையில், தொலைந்த பிள்ளையின் பெயரை மூன்று தடவை சொல்லியும் யாரும் வராதபோது அக்கா கதவையே பார்ப்பாளாம். அப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை வெயிட்டு அண்ணன் ஒரு பை ஆப்பிளோடு குழந்தையைப் பார்க்க வந்தார். அக்கா கேட்டிருக்கிறாள். அவர் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை எனக்குச் செய்தி வந்தது: 'உடனே வா.' போனேன். அறையில் அக்காவும் குழந்தையும் மட்டும்.

"வாங்க நீதிபதி," என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அக்கா என்னை 'வாங்க' என்றதில்லை.

போனை நீட்டினாள். திரையில் என் தாள். "இது யார் எழுதினது?"

"நடையைப் பாத்தா யாரோ நல்லா எழுதுறவங்க மாதிரி..."

"டேய்."

"நான்தான்."

"கம்பெனியில எல்லாப் பயலும் அவரைப் பாத்தா போதும், 'பாப்பா, அழாதடா, அப்பா திட்டமாட்டேன்'னு ஷாஃப்டுக்குள்ள கத்துறாங்களாம். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும். தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா."

"சரி. பேர் வைக்கிறது அஞ்சு நிமிஷ வேலைதானே?" போனில் ஐந்து நிமிடம் வைத்து, கட்டில் ஓரத்தில் நிறுத்தினாள். "என் பிள்ளைக்கு ஒரு பேர் வை. ஆரம்பி."

ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. முதலில் ஒரு பெயர் தோன்றியது. கூடவே அதற்கான தீர்ப்பும் தோன்றியது. வேறொன்று. தீர்ப்பு முன்னால் வந்தது, பெயர் பின்னால் வந்தது. சின்னப் பெயர், பெரிய பெயர், பழைய பெயர், நேற்று முளைத்த பெயர், எதை எடுத்தாலும் அதன் கழுத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு கிண்டலும் தொங்கின. குழந்தை என் பக்கம் முகத்தைத் திருப்பியது. பார்த்தாள் என்று சொல்ல முடியாது. நான் இருந்த திசையில் கண்ணை வைத்திருந்தாள். தீர்ப்பு எழுதுகிற முகம். எனக்கு அரை நட்சத்திரம்கூடத் தேறாது என்று தெரிந்தது.

போன் கிணுகிணுத்தது.

"ஒண்ணும் வரலக்கா."

"வராது. உனக்குக் கழிக்க மட்டும்தான் தெரியும்." தலையணைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். நான் பார்த்த அதே நோட்டு, கிரீஸ் கறையோடு. "குப்பையில போட்ருன்னு வெயிட்டு அண்ணன்கிட்ட குடுத்திருக்காரு. அவர் போடல. இங்க பாரு. பேர் நான் வைக்கலாம். அம்மா வைக்கலாம். சித்தி ஏற்கெனவே பதினொண்ணு வச்ச மாதிரிதான். ஆனா அந்த மனுசன் வாயத் திறந்து எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்ல. இது ஒண்ணுதான் ஆசையா செஞ்சாரு. அதை நீ பிடுங்கிட்ட. நாளைக்கு மூணு மணிக்குள்ள அவர் வாயால ஒரு பேர் வரணும். போய்த் திருப்பிக் குடு."

"வரலைன்னா?"

"என் பிள்ளை வெறும் கோடா வீட்டுக்கு வருவா. அதுக்கும் நட்சத்திரம் போட்டு எழுதிக்கோ."

நோட்டை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

தொண்ணூற்று மூன்று பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள். தலைப்பு: தூரம், கோபம், பயம், மெதுவா. ஒரு பிள்ளையை வாழ்நாளில் எப்படியெல்லாம் கூப்பிட வேண்டிவரும் என்று ஒரு மனிதர் யோசித்து, நான்கில் அடக்கியிருந்தார். பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் குறிப்பு.

'மின்மினி. தூரம் நல்லா இருக்கு. கோபமா கூப்பிட முடியல, சிரிப்பு வருது. பிள்ளை வளக்குறது கஷ்டம்.'

'துளிரா. கோபத்துல ரொம்ப வலிக்கும். வெயிட்டு அழுதான்.'

நான் தீர்ப்புச் சொன்ன பெயர்களும் இருந்தன. அவற்றை என் தாளிலிருந்தே எடுத்திருக்கிறார். நான் வீட்டில் போட்டு வைக்கும் நகல்களை வாராவாரம் படித்திருக்கிறார்!

'அனந்தவெளி. வச்சவங்களுக்குப் பெரிய மனசு. தூரத்துல நல்லா விரியுது. எனக்குத்தான் மூச்சு பத்தல.'

'த்வி. பயத்துல கூப்பிட இதைவிட நல்ல பேர் கிடையாது. ஒரே தட்டு. பிள்ளை நின்னுரும். மெதுவா கூப்பிட்டா கைக்கு அகப்படல.'

'மிஹிகாஷ்ரிதா. கோபம் பாதியிலேயே போயிருது. அது நல்லதுதான்.'

'வினா, விடை. ரெட்டைப் பிள்ளையா இருந்தா கண்டிப்பா.'

பெயரைப் பற்றி நான் ஆண்டு முழுக்கக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இதைச் சொன்னால் கேன்டீன் சிரிக்குமா? மாமா நான்கு கேட்டிருந்தார். ஒரு பெயரைக்கூட மட்டமாகச் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் எதற்கு உதவும் என்று கண்டுபிடித்துவிட்டு, பிறகுதான் வேண்டாம் என்றிருந்தார். நான் ஒரு பக்கம் எடுத்துக்கொள்வதை ஏழு வார்த்தையில் முடித்திருந்தார். எங்கள் துறையில் முதுகலை மாணவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக ஆய்வு செய்து நான் பார்த்ததில்லை. பூமியில் பெயர்களைப் பிழையின்றி மதிப்பிடக்கூடிய ஒரே மனிதன் என்று ஆரம்பத்தில் ஒருவனைக் குறிப்பிட்டேன். ஆள் விவரத்தில் ஒரு சிறு திருத்தம் தேவைப்பட்டது.

தொண்ணூற்று மூன்றாவது பெயர் கடைசிப் பக்கத்தில் தனியாக இருந்தது. தூரம், டிக். கோபம், டிக். பயம், இரண்டு டிக். நான்காவது கட்டம் காலி. கீழே, 'மெதுவா: வியாழன் மதியம், மெயின் ஆஃப் பண்ணிட்டு.' அது என் தாள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த வியாழன்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். இதை என்னைப் போன்றவர்கள் யாராவது படிக்கக்கூடும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கட்டடத்துக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். கீழ்வாசலில் நான்கு பெயின்டர்களோடு உட்கார்ந்து வெயிட்டு அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாய்யா எழுத்தாளரே," என்றார். "என்னை ஏன் உன் பேப்பர்ல விட்டுட்ட? மேல உக்காந்து அத்தனை பேரையும் கேட்டவன் நான். என்னைப் பத்தி ஒரு வரி உண்டா?"

"அண்ணே, மன்னிச்சிருங்க. மாமா ஏன் இப்படி... ஷாஃப்டுல வந்து..."

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "எட்டு வருஷம் முந்தி, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் புதுசு. அவன் ஷாஃப்டுக்கு அடியில குனிஞ்சு நட்டு முடுக்கிட்டிருக்கான். நான் மேல. மெஷின்ல பிரேக் விட்டுப்போச்சு. கவுண்டர் வெயிட் இறங்குது, அவன் தலைக்கு நேரா. 'டேய்'னு கத்தினா யாரு திரும்புவா? சைட்டுல இருக்கிற அத்தனை பேரும் டேய்தான். அவன் வீட்டுலயே அஞ்சு ஆம்பளப் பசங்க, அவங்க அப்பாவுக்கு எல்லாரும் டேய். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல. நான் பேரைச் சொல்லிக் கத்தினேன். நகந்துட்டான்." இரண்டு கைகளையும் அரை அடி இடைவெளியில் காட்டினார். "இவ்ளோதான். அன்னியிலருந்து அவனுக்குப் பேர்னா, கூப்பிட்டா போய்ச் சேரணும். எப்படிக் கூப்பிட்டாலும்."

மாமாவின் பெயர் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். நான் ஒன்றரை கொடுத்திருப்பேன். அது ஒரு இரும்புக்கட்டியை முந்திக்கொண்டு கீழே வந்திருக்கிறது.

"எங்க இருக்காரு?"

"மேல மெஷின் ரூம்ல. கீழ வந்து சாப்பிடுறதில்ல இப்பல்லாம்."

ஆறு மாடி ஏறினேன். லிஃப்ட் இல்லாத கட்டடத்தைப் பற்றி ஒரு காலத்தில் நகைச்சுவை எழுதியிருக்கிறேன். மூன்றாவது மாடியில் அது ஞாபகம் வந்தது. மாமா மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"ம்."

"நோட்டு கொண்டாந்திருக்கேன்."

வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

"நான் எழுதினது தப்பு மாமா."

"நல்லாத்தான் எழுதியிருந்த மாப்ள. எனக்கே சிரிப்பு வந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்புறம் ஏன் நிறுத்திட்டீங்க?"

கொஞ்ச நேரம் துணியை மடித்தார். "வாயத் திறக்குறப்ப எல்லாம் உன் வரி முன்னாடி வந்து நிக்குது. அப்புறம் சத்தம் வரமாட்டேங்குது."

எனக்கு நேற்று ஐந்து நிமிடம் நடந்தது இவருக்கு இரண்டு மாதமாக நடந்துகொண்டிருந்தது. அதே வரிகள்தான். எழுதியவனையும் விடவில்லை, எழுதப்பட்டவரையும் விடவில்லை.

"தொண்ணூத்தி மூணுக்கு ஒரு கட்டம் பாக்கி இருக்கு மாமா. நீங்க கீழ போய்க் கூப்பிடுங்க. நான் இங்க நின்னு கேக்குறேன்."

"வேணாம் மாப்ள. உங்கக்கா நல்ல பேரா வைப்பா." சிரித்தார். சமாதானம் பண்ணுகிற சிரிப்பு. என்னைச் சமாதானம் பண்ணுகிறார்! பிறகு, கூப்பிடும் முன் மெஷின் சத்தத்தை நிறுத்துகிற பழக்க தோஷத்தில் எழுந்து மெயின் சுவிட்சை இறக்கினார். மெஷினின் முனகல் நின்றது. கட்டடம் முழுக்க நின்றது மாதிரி இருந்தது.

மணி ஒன்று. இங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம்.

நான் கீழே இறங்கினேன். பெயின்டர்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராக ஷாஃப்ட் வாசலுக்குப் போய் அந்த இரும்புக் குழாயைப் பிடித்தேன். வெயிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். நோட்டு என் கையில் இல்லை என்பதையும் பார்த்தார்.

"கொஞ்சம் வாய மூடுங்கய்யா எல்லாரும்," என்றார் அவர்களிடம்.

முகத்தைத் தூக்கினேன். இருட்டு. மாடிக்கு ஒரு வாசல் வீதம் ஆறு வெளிச்சக் கட்டங்கள், ஒன்றின் மேல் ஒன்று. வெளியே நின்று பார்க்கும்போது இது சிரிப்பான காட்சி. உள்ளே முகத்தை நீட்டிவிட்டால் மேலே ஒருவர் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தெரிவதில்லை. இதை நான் தாளில் எழுதாமல் விட்டிருந்தேன்.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. 'தகப்பனின் மானம் கீழே இறங்குகிறது' என்று எனக்குப் பிடித்த வரி வந்து நின்றது. நல்ல வரி. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போர்வைக்குள் தள்ளிய கால் ஞாபகம் வந்தது, மணிக்கட்டுப் பட்டை ஞாபகம் வந்தது. பிறகு, தூங்குகிறாளா முழித்திருக்கிறாளா என்று தெரியாத ஒரு பிள்ளையை, தூங்கினால் எழுந்துவிடக் கூடாது, முழித்திருந்தால் மட்டும் திரும்பிப் பார்த்தால் போதும் என்று கூப்பிடுவோமே, அப்படிக் கூப்பிட்டேன்.

பெயர் என் வாயை விட்டுப் போனது. ஒவ்வொரு வெளிச்சக் கட்டமாக ஏறுவது எனக்குத் தெரிந்தது. பின்னால் ஒரு பெயின்டர் களுக்கென்று சிரித்தார். நியாயமான சிரிப்பு.

மேலே ஒன்றும் இல்லை. குழாய் கையில் சில்லென்றிருந்தது.

பிறகு வந்தது.

"ம்?"

மாமா ஒரு நாளைக்கு இருபது 'ம்' சொல்வார் என்று சொன்னேன். இது இருபதிலும் சேராது. அதில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஆறு மாடிக்கு மேலிருந்து அந்தப் பெயர், மாமாவின் குரலில், நான் கூப்பிட்டதைவிட மெதுவாக இறங்கி வந்தது. ஓரம்கூடச் சிராய்க்காமல் முழுசாக வந்து சேர்ந்தது. வெயிட்டு அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"கேட்டுச்சா மாப்ள?"

"கேட்டுச்சு மாமா."

"எனக்கும் கேட்டுச்சு. நல்லாத்தான் இருக்குல்ல?"

"நல்லா இருக்கு மாமா."

"இன்னொரு தடவ கூப்பிடு. பென்சில எடுத்துக்கிறேன். அப்புறம் கிளம்புவோம், மூணு மணிக்குப் படிவம் குடுக்கணும்."

"யாரைத் தம்பி கூப்பிடுறீங்க?" என்றார் சிரித்த பெயின்டர்.

"எங்க அக்கா பொண்ணை," என்றேன். முகத்தைத் தூக்கி, மறுபடியும் மெதுவாகக் கூப்பிட்டேன்.